ஒரு வீடியோவுக்கு ஒரு ரூபாய்: கிரிப்டோ நிகழ்ச்சிகளும் சில்லறை தரும் தளங்களும்

கேள்வி – 4 ஜனவரி 2025

"அண்ணா, உங்க மோட்டார் வைண்டிங் வீடியோ பார்த்துட்டுத்தான் நானும் சேனல் ஆரம்பிச்சேன். ஆயிரம் சப்ஸ்கிரைபர் வரவே ஒரு வருஷம் ஆச்சு. யூடியூப் விளம்பரக் காசு தரக் கேட்கிற நாலாயிரம் மணி நேரப் பார்வை இன்னும் வரல. பார்க்கிறவங்களே நேரா காயின் அனுப்புற தளத்துக்குப் போயிடலாமான்னு யோசிக்கிறேன். ஒரு கிரிப்டோ ஷோவுல அதுதான் எதிர்காலம்னு அடிச்சுச் சொன்னாங்க. நீங்க இதெல்லாம் பத்து வருஷமா பார்க்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன். யூடியூபை விட்டுடலாமா?"

4 ஜனவரி, இரவு 10.15

விடாதீங்க தம்பி. விவரம் நாளைக்கு எழுதுகிறேன். கடையில் இரண்டு சப்மெர்சிபிள் பிரித்துப் போட்டபடி கிடக்கிறது.

5 ஜனவரி, மதியம்

மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டி முடித்து, வார்னிஷில் முக்கி, சூட்டில் காயப் போட்டால் நாலைந்து மணி நேரம் கை சும்மா இருக்கும். 2014 கடைசியில் அந்த நேரத்தில்தான் இந்த நிகழ்ச்சிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டது பிட்காயின் பற்றி ஊர் ஊராகப் பேசும் ஆண்ட்ரியாஸ் அன்டோனோபூலோஸ் கனடா செனட்டின் வங்கிக் குழு முன்னால் பேசிய பதிவு. அந்த வருஷம் அக்டோபரில் நடந்தது. அந்த ஆங்கிலம் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. நிறுத்தி நிறுத்தி மூன்று நாளில் பார்த்து முடித்தேன். நடுவில் யாரும் இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்குப் பணம் அனுப்ப முடியும், அதற்கு வங்கிக் கணக்கே தேவையில்லை என்று அவர் சொன்னது எனக்குள் ஆழமாக இறங்கிவிட்டது.

அதற்கப்புறம் வேர்ல்ட் கிரிப்டோ நெட்வொர்க் சேனலில் தாமஸ் ஹன்ட் நடத்திய வாராந்தர அரட்டை. நாலு பேர் நாலு ஊரிலிருந்து உட்கார்ந்து அந்த வாரச் செய்தியைப் பிரித்துப் போடுவார்கள். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வீடியோக்களின் கீழே ஒரு பிட்காயின் முகவரியோ, ஓரத்தில் ஒரு க்யூஆர் கட்டமோ இருக்கும். பிடித்திருந்தால் அனுப்பலாம். 2015இல் நான் ஒரு நிகழ்ச்சிக்கு 0.001 பிட்காயின் அனுப்பினேன். அன்றைய விலையில் சுமார் 16 ரூபாய், இரண்டு டீக் காசு. காயின் வைத்திருக்கும் வாலட் செயலியில் பட்டனை அழுத்திவிட்டு, உலகத்தின் அந்தக் கோடியில் யாரோ ஒருவருக்கு என் இரண்டு டீ போய்ச் சேர்ந்துவிட்டதா என்று கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கையெல்லாம் வார்னிஷ்.

அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் பத்து வருஷமாக இதை விடாமல் தொடர்கிறேன். விலைக்காக அல்ல.

5 ஜனவரி, இரவு

ஒருவர் கேட்டிருக்கிறார்: அந்த 0.001 இன்று எவ்வளவு? டிசம்பரில் ஒரு பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. அந்தக் கணக்கில் 0.001 என்றால் 100 டாலர், நம் பணத்தில் 8,500 ரூபாய்க்கு மேல். வருத்தம் இல்லையா என்கிறார். இல்லை. அன்றைக்கு 16 ரூபாய்க்கு ஒரு மணி நேரப் பாடம் கேட்டேன், அதற்கான கூலியைக் கொடுத்தேன். கொடுத்த கூலி பின்னால் வளர்ந்தது என்றால் அது வாங்கியவருடைய வளர்ச்சி.

ஆனால் கேள்வி தப்பில்லை. நாளைக்கு விலை ஏறும் என்று நம்புகிற பொருளை இன்றைக்கு யார் சில்லறையாகக் கொடுப்பார்கள்? இதை நான் முதலில் யோசிக்கவே இல்லை. இந்தத் தளங்கள் தடுக்கி விழுந்ததில் பாதி இந்தக் கல்லில்தான்.

7 ஜனவரி, காலை

2017 டிசம்பர் கதையைச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் பேசியும் நீங்கள் பணக்காரர் ஆகவில்லையே என்று அன்டோனோபூலோஸை ஒருவர் பொதுவெளியில் கிண்டல் செய்தார். அவர் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் சில நாளில் 100 பிட்காயினுக்கு மேல் அவருக்கு அனுப்பிவிட்டார்கள். பார்வையாளர்கள் நேராகக் கொடுத்த பணத்தில் அதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

அதே மாதம் நானும் ஒரு நிகழ்ச்சிக்கு 50 ரூபாய் அளவில் அனுப்பப் பார்த்தேன். வாலட் காட்டிய கட்டணம் ஆயிரத்துக்கு மேல். அந்த மாதக் கடைசியில் சராசரிக் கட்டணமே 50 டாலரைத் தாண்டியது. தேங்காய் ஒன்றை அனுப்ப லாரி வாடகை கேட்ட மாதிரி. பெரிய தொகை கொடுப்பவர் கொடுக்கலாம், டீக்காசு கொடுப்பவருக்கு அன்றோடு கதவு அடைபட்டது. சில்லறைக்குத் தனித் தளம் வேண்டும் என்று எல்லோரும் பேசியது இதனால்தான்.

8 ஜனவரி, இரவு 11

டிடியூப். 2018 முழுக்க அங்கே வீடியோ ஏற்றினேன். ஸ்டீம் என்ற பிளாக்செயின் (காயின் கணக்கு எழுதும் பொதுச் சங்கிலி) மேல் 2017இல் கட்டிய தளம் அது. பார்ப்பவர் கையிலிருந்து காசு போகாது. ஓட்டுப் போட்டால் போதும், தினமும் புதிதாக உருவாகிற நாணயத்திலிருந்து நமக்குப் பங்கு வரும். கேட்கும்போது அருமையாக இருந்தது.

நான் ஏற்றியது 3 எச்பி மோட்டாரின் ஸ்டேட்டரில், அதாவது சுற்றாத வெளிப்பாகத்தில் உள்ள 24 ஸ்லாட்டில் (காடியில்), காயில் இறக்குவது. ஸ்லாட்டில் இன்சுலேஷன் பேப்பரை எப்படி மடிப்பது, முதல் காயில் எந்த ஸ்லாட்டில் விழுந்தால் கடைசிக் காயில் எங்கே வந்து முடியும் என்று விரலை வைத்து எண்ணிக் காட்டியிருந்தேன். ஸ்டீமில் ஒரு பதிவுக்குச் சம்பாத்தியம் ஏழு நாள் மட்டும்தான். ஏழாம் நாள் கணக்கு முடித்துக் கொடுத்துவிடுவார்கள். எட்டாம் நாள் ஆயிரம் பேர் பார்த்தாலும் ஒன்றும் கிடையாது. எனக்கு வந்தது சில சென்ட்.

இதில் ஒரு விஷயம் எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. என் வீடியோ செய்தி அல்ல. பங்குனி, சித்திரையில் போர்வெல் தண்ணீர் இறங்கும், மோட்டார் வறட்சியில் ஓடிக் கருகும், அப்போதுதான் ஜனங்கள் தேடி வருவார்கள். ஒவ்வொரு வருஷமும் வருவார்கள். ஏழு நாள் கணக்கு அந்த வாரத்துச் சண்டை, அந்த வாரத்து விலை பேசுகிறவர்களுக்குப் பொருந்தும். தென்னை நட்டவனிடம் ஒரு வாரத்துக்குள் காயைப் பறித்துக்கொள் என்றால் என்ன செய்வான்? அங்கே விலை பேசுகிற வீடியோக்களே நிறைந்ததற்கு இந்த விதிதான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இன்னொன்று, ஓட்டின் எடை. கையிருப்பு அதிகம் உள்ளவர் ஓட்டுக்கு எடை அதிகம். பெரிய கை ஒன்று பத்து வினாடி பார்த்துவிட்டுப் போடும் ஓட்டு, வரி விடாமல் பார்த்த நூறு மெக்கானிக்குகளின் ஓட்டைவிடக் கனம்.

9 ஜனவரி

எல்பிஆர்ஒய் பற்றிக் கேட்டவருக்கு. ‘லைப்ரரி’ என்று வாசிக்கச் சொல்வார்கள். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர்க்காரர்கள் ஆரம்பித்தது, 2016இல் ஓட ஆரம்பித்தது. எனக்கு மனசுக்கு நெருக்கமாக இருந்த தளம் அது. யூடியூப் சேனலை அப்படியே நகல் எடுத்து அங்கே கொண்டுவரும் வசதி இருந்தது. வீடியோவுக்கு நாமே விலை வைக்கலாம், இலவசமாகவும் விடலாம், பார்த்தவர் டிப்ஸும் தரலாம்.

2021 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அவர்கள் மேல் வழக்குப் போட்டது. ஏமாற்றினார்கள் என்று அல்ல, தங்கள் காயினைப் பதிவு செய்யாத முதலீட்டுப் பத்திரமாக விற்றார்கள் என்று. 2022 நவம்பரில் தீர்ப்பு ஆணையத்தின் பக்கம் போனது. 2023 அக்டோபரில் கம்பெனி மூடுவதாக அறிவித்தது, அவர்களுடைய வீடியோ தளமான ஒடிசியும் அதோடு போய்விட்டது.

10 ஜனவரி, காலை

நேற்று எழுதிய கடைசி வரி தவறு. ஒடிசி போகவில்லை. எல்பிஆர்ஒய் கம்பெனிதான் மூடியது. அவர்கள் 2020இல் கொண்டுவந்த ஒடிசி தளத்தை 2024இல் ஃபார்வர்ட் ரிசர்ச் என்ற நிறுவனம் வாங்கியது, இன்றும் ஓடுகிறது. இன்று காலை போய்ப் பார்த்தேன், என் பழைய வீடியோக்கள் பத்திரமாக இருக்கின்றன. திருத்திய நண்பருக்கு நன்றி.

அங்கே நான் செய்த ஒரு சோதனையையும் சொல்கிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வீடியோவுக்கு விலை வைத்தேன். நம் கணக்கில் ஒரு ரூபாய்கூட வராத விலை. பார்ப்பவர் எண்ணிக்கை ஒரே வாரத்தில் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. விலையை எடுத்துவிட்டு, பிடித்தால் கொடுங்கள் என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தேன். திரும்ப வந்தார்கள், சிலர் அந்தப் பழைய விலையைப் போல இருபது மடங்கு கொடுத்தார்கள்.

அங்கே சேர்ந்த காயின் இப்போது என்னிடம் இல்லை. வாலட் கோப்பு கடைக் கம்ப்யூட்டரில் இருந்தது, வோல்டேஜ் எகிறி ஹார்டு டிஸ்க் போனது. பேக்கப் எடுக்காதது என் தவறு. தொகை சின்னதுதான், ஆனாலும் உங்களுக்குச் சொல்கிறேன் தம்பி: வாலட்டைத் திரும்பத் திறக்க உதவும் மீட்புச் சொற்களைக் காகிதத்தில் எழுதி, வீட்டில் ஒன்று, நம்பிக்கையான இடத்தில் ஒன்று என்று முதல் நாளே வைத்துவிடுங்கள்.

12 ஜனவரி, ஞாயிறு

விலை வைத்ததும் ஆள் நின்றது ஏன் என்பதற்குக் கணினி அறிஞர் நிக் சாபோ 1990களிலேயே பதில் எழுதிவிட்டார். பணம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ‘இது தேவையா, தகுமா’ என்று ஒரு தடவை யோசிக்கத்தான் வேண்டும், அந்த யோசனைக்கே ஒரு செலவு உண்டு என்று. 2000 கடைசியில் இணையம் பற்றி எழுதும் கிளே ஷெர்கியும் அதே வாதத்தை வைத்தார். பிட்காயின் பிறக்கவே இன்னும் எட்டு வருஷம் இருந்தது. தொழில்நுட்பம் கட்டணத்தைக் குறைக்கும், யோசனையைக் குறைக்காது.

இணையத்தில் ‘404, பக்கம் இல்லை’ எல்லோருக்கும் தெரியும். அதே வரிசையில் 402 என்று ஒன்று இருக்கிறது, ‘பணம் கட்ட வேண்டும்’. 1990களிலேயே ஒதுக்கி வைத்தார்கள், பின்னால் பயன்படும் என்று. மோட்டாரின் டெர்மினல் பாக்ஸில் இணைக்காமல் விட்ட முனை மாதிரி இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பெரும்பாலும் அப்படியே கிடந்தது.

யோசனையைக் குறைக்க நேர்மையாக முயன்றது காயில். நம் காயில் அல்ல, ஸ்டெஃபான் தாமஸ் 2018இல் ஆரம்பித்த கம்பெனி. பார்ப்பவர் மாதம் 5 டாலர் கட்டிவிட்டால் போதும். எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறாரோ அதற்குத் தகுந்தபடி அதைச் செய்தவருக்குப் பணம் சொட்டிக்கொண்டே இருக்கும், மணிக்கு 36 சென்ட் வீதம். நொடிக்கு ஒரு சென்ட்டில் நூறில் ஒரு பங்கு. சினமன் என்று ஒரு வீடியோ தளம் இதை வைத்தே நடந்தது. ஒவ்வொரு தடவையும் முடிவெடுக்க வேண்டிய தொல்லை இல்லை. எனக்கு இன்றும் பிடித்த வடிவம் இதுதான். ஆனால் 2023 மார்ச்சில் காயில் மூடியது. மாதம் 5 டாலர் கட்டுகிறவர்கள் போதுமான அளவு சேரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஸ்டெஃபான் தாமஸ் யார் தெரியுமா? 2011இல் பிட்காயின் என்றால் என்ன என்று விளக்கி ஒரு சின்ன அனிமேஷன் வீடியோ செய்தவர். அதற்குப் பரிசாக ஒருவர் அவருக்கு 7,002 பிட்காயின் கொடுத்தார். அந்தக் காயினைத் திறக்கும் சாவி இருக்கும் யுஎஸ்பி கருவியின் பாஸ்வேர்டு தொலைந்துவிட்டது. பத்து தடவைதான் முயலலாம். எட்டு தடவை முயன்று தோற்றுவிட்டார் என்று 2021இல் செய்தி வந்தது. ஒரு வீடியோவுக்குப் பார்வையாளர் நேராகக் கொடுத்ததில் இதைவிடப் பெரிய தொகை எதுவும் எனக்குத் தெரியாது. அது அவர் கைக்கு எட்டவில்லை. அந்த மனிதர்தான் பின்னால் நொடிக்குச் சொட்டுச் சொட்டாக ஊரெல்லாம் கொடுக்கும் வழியைக் கட்ட உட்கார்ந்தார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

13 ஜனவரி

எந்த ஷோவைப் பார்க்கலாம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பெயர்ப் பட்டியல் தர மாட்டேன். நான் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். முதல் ஐந்து நிமிஷத்தில் விலை எங்கே போகும் என்று பேசினால் அணைத்துவிடுவேன். ‘என் லிங்கில் சேருங்கள்’ என்றால் அந்தச் சேனலுக்கே திரும்பப் போக மாட்டேன்.

காரணம் பிட்கனெக்ட் என்ற காயின் மோசடி. மாதம் 40 சதவீதம் வரை வரும் என்று யூடியூபில் எத்தனை முகங்கள் சிரித்துக்கொண்டு சொன்னன! 2018 ஜனவரியில் கடையைச் சாத்தினார்கள், காயின் விலை ஒரே நாளில் தரைமட்டம். நிறுவனர் என்று அமெரிக்கா பின்னால் குற்றம் சாட்டியவர் குஜராத்காரர். எங்கள் பகுதியிலேயே பட்டறைக்காரர் ஒருவர் லேத் வாங்க வைத்திருந்த பணத்தை அதில் போட்டார். அவர் பார்த்ததும் நான் பார்த்த அதே யூடியூபில்தான். ஒரே மாதிரி நாற்காலி, ஒரே மாதிரி மைக், ஒரே மாதிரி கிராஃப். அவர் என்னிடம் கேட்டிருந்தார், ‘நீதான் இதெல்லாம் பார்க்கிறாயே, சரியா இருக்குமா’ என்று. எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏழு வருஷம் ஆகிறது, மனசு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கேள்விக்கு இவ்வளவு எழுதுகிறேன்.

17 ஜனவரி, பொங்கல் கழிந்து

இது கிரிப்டோ இல்லை, ஆனாலும் இங்கே வர வேண்டியது. மூன்று வருஷம் முன்னால் என் வீடியோக்களின் கடைசியில் யூபிஐ க்யூஆர் ஒன்றை ஐந்து வினாடி காட்ட ஆரம்பித்தேன். ‘மோட்டார் ஓடினால் கொடுங்கள், ஓடாவிட்டால் போன் செய்யுங்கள்’ என்று மட்டும் சொல்வேன். முதல் வாரம் ஒரு ரூபாய் வந்தது. சோதனை பார்த்திருக்கிறார்கள். அப்புறம் 11, 21, 51, 101. முழுசாக 50, 100 என்று வருவதே அபூர்வம். ஒரு ரூபாய் சேர்த்துத்தான் வரும், மொய் மாதிரி. ஒருவர் 101 அனுப்பிக் குறிப்பில் ‘தண்ணி வந்துருச்சு’ என்று எழுதியிருந்தார்.

சாபோ சொன்ன அந்த யோசனைச் செலவு இங்கே எங்கே போனது? இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் ஆட்களுக்கு மொய் வைக்க யோசனை தேவைப்படாது. எவ்வளவு வைப்பது என்று கை தானாகவே அறியும். அவர்கள் விலை கொடுக்கவில்லை, முறை செய்கிறார்கள். ஒடிசியில் விலையை எடுத்ததும் இருபது மடங்கு வந்ததே, அதுவும் இதுதான். 10ஆம் தேதி எழுதும்போது எனக்கு இது தோன்றவில்லை.

அனுப்பக் கட்டணமும் இல்லை, விலை ஏறும் என்று பூட்டி வைக்கவும் ஒன்றுமில்லை. வெறும் ரூபாய்.

18 ஜனவரி

‘அப்போ கிரிப்டோவே தேவையில்லை என்கிறீர்களா?’ இல்லை. நான் நேற்று எழுதியது உள்ளூருக்கு. வவுனியாவிலிருந்து ஒரு விவசாயி எழுதினார், என் வீடியோவைப் பார்த்துத் தன் கிணற்று மோட்டாரைத் தானே கட்டியதாக. ஏதாவது அனுப்ப வேண்டும் என்கிறார், வழியில்லை. 2024 பிப்ரவரியில் இலங்கைக் கடைகளில் யூபிஐ தொடங்கினார்கள், அது இங்கிருந்து போகிறவர் அங்கே செலவு செய்ய. அங்கிருந்து அவர் எனக்கு 50 ரூபாய் அனுப்ப உதவாது. வங்கி வழியாக அனுப்பினால் கட்டணமே அதைவிடப் பல மடங்கு.

இந்த இடத்தில்தான் லைட்னிங். பிட்காயினின் மேலே ஓடுகிற, சில்லறைக்கென்றே ஆன வழி. 2018இல் பயன்பாட்டுக்கு வந்தது. நான் ஒரு வருஷமாக ஃபவுன்டன் என்ற செயலியில் நிகழ்ச்சிகளைக் கேட்கிறேன். வீடியோ குறைவு, பெரும்பாலும் ஒலிதான். நிமிஷத்துக்கு 2 சடோஷி என்று வைத்திருக்கிறேன். பத்து கோடி சடோஷி சேர்ந்தால் ஒரு பிட்காயின். இந்த 2025 ஜனவரி விலையில் ஒரு சடோஷி சுமார் ஒன்பது பைசா. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குப் பத்து ரூபாய்க்குச் சற்று மேல் போகிறது. நான் ஸ்டேட்டரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது நிமிஷத்துக்கு நிமிஷம் மீதியைக் காட்டும் எண் ஒவ்வொரு படியாகக் குறைவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். 2015இல் அந்த இரண்டு டீ அனுப்பிய அதே சந்தோஷம்.

19 ஜனவரி

வரி. கேட்டவர் சரியாகக் கேட்டார், நான் விட்டுவிட்டேன். 2022 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம். ஜூலை முதல் 1 சதவீத டிடிஎஸ், அதற்கு வரம்புகள் உண்டு. ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. டிப்ஸாகக் கொடுப்பதும் ஒரு கைமாற்றம்தான், வாங்குகிறவருக்கு அது வருமானம் என்கிறார் என் ஆடிட்டர். நிமிஷத்துக்கு 2 சடோஷி போனதற்கெல்லாம் நான் ஒரு நோட்டில் மாதக் கணக்கு எழுதி வைக்கிறேன். சில்லறைக்கு இவ்வளவு கணக்கு என்பது பாரம்தான். அதையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் காயினை விட்டுவைப்பது பற்றி: நான் கணக்கு வைத்திருந்த ஒன்று திடீரென்று பணம் எடுப்பதை நிறுத்தியது. பல மாதம் ஆயிற்று. டிப்ஸ் அளவுக்கு மேல் அங்கே விடாதீங்க.

26 ஜனவரி, இரவு 9.40

தம்பி, 4ஆம் தேதி கேட்டதற்கு இப்போது ஒழுங்காகப் பதில். யூடியூபில் இருங்கள், தேடி வருகிறவர்கள் அங்கேதான் தேடுகிறார்கள். ஒடிசியில் நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், சேனலுக்கு ஏதாவது ஆனால் வீடியோ மிஞ்சும். கடைசியில் யூபிஐ க்யூஆர் காட்டுங்கள், விலை வைக்காதீங்க. வெளிநாட்டு ஆட்கள் கேட்டால் மட்டும் லைட்னிங் முகவரி ஒன்று.

வவுனியாக்காரர் வாலட் ஏற்றிவிட்டார், அவர் மகன் உதவினானாம். நேற்று 500 சடோஷி வந்தது, சுமார் நாற்பத்தைந்து ரூபாய். கூடவே ஒரு படம்: கிணற்று மேட்டில் மோட்டார், பக்கத்தில் வாழை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒயர் நிறம் மாறியிருந்தது, சுற்றும் திசை சரியா என்று பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

27 ஜனவரி, காலை

பதில் வந்தது. திசை தலைகீழ்தான். இரண்டு ஃபேஸை மாற்றிப் போட்டதும் தண்ணீர் இரண்டு மடங்கு தள்ளுகிறதாம். இதை நான் எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. புதன்கிழமை எடுத்து ஏற்றுகிறேன்.